கவலைக்கிடம் ராஜமாணிக்கம்

பத்திரிகைக் கட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதல் பிரதியை உருவிக்கொண்டு, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டுவார் ராஜமாணிக்கம். தன் செய்தி கண்ணில் பட்டதும் அதன்மேல் விரல்களை வைத்து அளப்பார். நாலு விரற்கடைக்கு வந்திருந்தால் டீயில் சர்க்கரை உண்டு. இரண்டு விரலுக்குச் சுருங்கியிருந்தால் டாக்டர் சொன்னபடி சர்க்கரை இல்லாத டீ. செய்தியே வரவில்லையென்றால் டீயும் கிடையாது. "என் சுகரு ஏறுறதும் எறங்குறதும் மெட்ராஸ்ல ஒக்காந்திருக்கற ஒரு சப் எடிட்டரு கையிலதாம்பா இருக்கு" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சிரிப்பதையும் அவரே செய்துகொள்வார்.

கடலூரில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு அவர் பகுதிநேர நிருபர். மீதி நேரத்துக்கும் வேறு வேலை கிடையாது. அவருடைய பழைய மொபெட்டில் நம்பரைவிடப் பெரிய எழுத்தில் 'பிரஸ்' என்று ஒட்டியிருக்கும். அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள டீக்கடைதான் அலுவலகம். வெட்டு, குத்து, விஷம், விபத்து எது வந்தாலும் அங்கே உட்கார்ந்தபடியே செய்தி சொல்வார். எந்தச் செய்தியும் ஒரே வரியில்தான் முடியும்: 'அவரது நிலைமை கவலைக்கிடமாக உள்ளது.' வரப்பில் வழுக்கிக் கால் பிசகிய கவுன்சிலர் ஒருவரையும் அப்படித்தான் முடித்தார். மறுநாள் அந்தக் கவுன்சிலர் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு வடை தின்று காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு ஊர் வைத்த பெயர்தான் 'கவலைக்கிடம்'. அவருக்கும் அது பிடித்துவிட்டது. "வணக்கம், கவலைக்கிடம் பேசறேன்" என்றுதான் இப்போதும் போனை எடுக்கிறார்.

சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினத்திலிருந்து அவர் அனுப்பியவற்றை முதல் பக்கத்தில் பெயரோடு போட்டார்கள். அதைப் பற்றி மட்டும் அவர் கேலி பேசுவதில்லை. யாராவது பேச்செடுத்தால் எழுந்து மொபெட்டைத் துடைக்கப் போய்விடுவார்.

செயற்கை சுவாசக் கருவி என்ற சொல்லை அவர் அளவுக்கு எழுதியவர் தென்னாற்காட்டிலேயே இருக்க முடியாது. எழுதினாரே தவிர, அதைப் பார்த்ததில்லை. கண்ணாடிப் பெட்டி மாதிரி ஏதோ ஒன்று, உள்ளே ஆளை வைத்து மூடிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். ஒருமுறை ஒரு தனியார் மருத்துவமனையில் புதுக் கருவி வாங்கியிருப்பதாகச் சொல்லி நிருபர்களை அழைத்தார்கள். பிரியாணிப் பொட்டலத்தில் கவனமாக இருந்த ராஜமாணிக்கம் வாசற்படியில் நின்றபடியே ஒரு போட்டோ பிடித்து அனுப்பினார். 'உயிர் காக்கும் நவீன கருவி' என்று கொட்டை எழுத்தில் வந்தது. படத்தில் இருந்தது ஏ.சி.யின் ஸ்டெபிலைசர். ஒரு வாசகர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதை இன்றைக்கும் பெருமையும் வருத்தமுமாகச் சொல்வார்.

அந்தக் கருவியைப் பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தமே இருந்தது. "மெஷின்ல வெச்சா ஒண்ணு சாவணும், இல்ல அதிசயமா எழுந்துக்கணும். நடுவுல சும்மா கெடந்தா அது நியூஸ் இல்ல." மனைவி மங்கம்மா பார்க்கும் டி.வி. தொடர்களும் இதையே சொல்லின. பச்சைக் கோடு வளைந்து வளைந்து ஓடும், 'கூ' என்று சத்தம் போட்டு நேராகும், எல்லோரும் மார்பில் அடித்துக்கொள்வார்கள், விளம்பரம் வந்துவிடும்.

இப்படி ஊரார் உயிரை எல்லாம் இரண்டே வரியில் முடித்துக்கொண்டிருந்தவரின் குடும்பத்துக்குள்ளேயே 2010இல் அந்தக் கருவி வந்தது. நெல்லிக்குப்பத்துப் பக்கம் கரும்பு பயிரிடும் சபாபதி, ராஜமாணிக்கத்தின் தங்கை லோகநாயகியின் கணவர். கொல்லையில் மோட்டார் கொட்டகையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் தீண்டியிருக்கிறது. அந்தப் பாம்பு கடித்தால் எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாது. காலையில் வயிற்றுவலி என்றார், கண்ணிமை தூக்கவில்லை என்றார், பிறகு பேச்சும் நின்றது. ஆம்புலன்ஸில் வழியெல்லாம் ஒருவர் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தபடியே வர, சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விஷமுறிவு ஊசி போட்டு, வாய்வழியாகக் குழாய் விட்டு, கருவியில் இணைத்தார்கள்.

ராஜமாணிக்கம் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டி இல்லை. சக்கரம் வைத்த அலமாரி மாதிரி ஒன்று, இரண்டு வளைகுழாய், புஸ் புஸ் என்று ஒரே சீரான சத்தம். மாப்பிள்ளையின் நெஞ்சு அதற்குத் தக்கபடி ஏறி இறங்கியது. கூப்பிட்டால் அசைவில்லை. கிள்ளினால் அசைவில்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் கண்மணிகூடச் சுருங்கவில்லை. அங்கே பணியில் இருந்த தமிழினி என்ற இளம் டாக்டர் அவரிடம் நிதானமாகச் சொன்னார். விஷம் தசைகளைக் கட்டிப்போட்டிருக்கிறது, மூச்சு விடும் தசையும் அதில் சேர்த்தி, கட்டு அவிழ நாளாகும், அதுவரைக்கும் மூச்சை மட்டும் கருவி பார்த்துக்கொள்ளும், பார்க்கச் செத்தவர் மாதிரி இருந்தாலும் காது கேட்கலாம், அதனால் பக்கத்தில் நல்லதாகவே பேசுங்கள்.

அதில் தலைப்புக்கு ஆகிற மாதிரி ஒரு வார்த்தையும் இல்லாததால் ராஜமாணிக்கத்தின் காதில் அது ஏறவே இல்லை.

வெளியே மரத்தடியில் சொந்தபந்தம் கூடியிருந்தது. மெஷினில் வைத்துவிட்டாலே முடிந்துபோன கதைதான் என்றது ஒரு கட்சி. செத்துப்போனதை மறைத்து மெஷினால் மூச்சு விடவைப்பார்கள், டி.வி.யிலேயே காட்டினார்கள் என்றது இன்னொரு கட்சி. சபாபதியின் பெரியப்பா மகன் சுப்புராயன் கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "நமக்கு இன்னா தெரியும்? ராஜமாணிக்கம் பேப்பர்ல இருக்கறாரு. அவரு சொல்றதுதான்." தோளில் துண்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, விசாரித்துவிட்டு வருவதாகக் கிளம்பினார் ராஜமாணிக்கம்.

விசாரித்தது கீழவீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில். டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்கலாம் என்று தோன்றவில்லை. அந்தக் கடையில் இருந்த மோனிகா என்ற பெண் ஆங்கிலத்தில் தட்டித் தேடிக் கொடுக்க, இவர் தலைப்புகளை மட்டும் படித்தார். பல வருடம் நினைவில்லாமல் கிடந்தவர் திடீரென எழுந்து அம்மாவைக் கூப்பிட்டாராம், எந்த நாடு என்று தெரியவில்லை. பிணத்துக்கு வைத்தியம் பார்த்தார்களாம், எந்த ஊர் என்று தெரியவில்லை. சாவு அல்லது அதிசயம், அங்கேயும் மூன்றாவது ஒன்று இல்லை. பாம்புக்கடி பற்றி ஒரு நீளமான பக்கமும் வந்தது. அதில் படமும் இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. அதை மூடச் சொல்லிவிட்டார். "இங்கிலீஷ்காரன்லயும் ஒரு கவலைக்கிடம் இருந்திருக்கான் பாரு, நான் அவன நம்பிட்டேன்" என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறார். அப்போது அடித்துக்கொள்ளவில்லை. அதிசயம் நடக்கிற முகவெட்டு மாப்பிள்ளைக்கு இல்லை என்று முடிவு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்.

கடைசியாக ஒருதரம் முகம் பார்க்கக் கட்டிலருகே போனபோது செல்போன் அடித்தது. பத்திரிகை டெஸ்க்கிலிருந்து. கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்த சம்பவம் என்னாயிற்று, இன்றைக்குச் சேர்த்துவிடலாமா என்று கேட்டார்கள். கை தானாகவே வாயை மறைத்துக்கொள்ள, இருபது வருடப் பழக்கத்தில் வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போனது. கரும்பு விவசாயி பரிதாப பலி என்று தலைப்பை எழுதி வையுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போகிறோம், வழியில் முடிந்துவிடும், முடிந்ததும் சொல்கிறேன். கேட்டவர் கண்ணீர் அஞ்சலிக்குப் படம் இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது என்றார். பக்கத்தில் கருவி புஸ் புஸ் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு வெளியே வந்து தங்கையிடம், வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், நீ சம்மதம் சொன்னால் குழாயை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார். லோகநாயகி அழவில்லை. மண்ணில் உட்கார்ந்திருந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"நீ எழுதறதெல்லாம் நீயே நம்புறியாண்ணே?"

கவுன்சிலர் சாகாத கதையைத் தங்கைக்குச் சொல்லிச் சிரிக்கவைத்தவரே ராஜமாணிக்கம்தான். ஸ்டெபிலைசர் கதையையும் அவள்தான் முதலில் கேட்டாள். "டாக்டரம்மா நாளாவும்னு சொல்லுச்சு. ஆவட்டும். நான் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பேப்பர்காரர் பேச்சுக்கு மறுபேச்சா என்று சுப்புராயன் முனகினார். பேப்பர்காரர் அதற்குள் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு வாரம் போனது. ஒரு காலையில் சபாபதியின் கால் கட்டைவிரல் அசைந்தது. அடுத்து இமை. இதை எந்த டி.வி.யும் காட்டாது, அவ்வளவு சலிப்பான வேலை. கருவியைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்ப்பார்கள், மூச்சு வாங்கும், மறுபடியும் மாட்டுவார்கள், மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துவார்கள். சளி உறிஞ்சுவார்கள், புரட்டிப் படுக்கவைப்பார்கள். பச்சைக் கோடு கடைசிவரை வளைந்தேதான் ஓடியது. குழாயை எடுத்த அன்று எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்க, சபாபதி கரகரத்த குரலில் முதல் வார்த்தையாகக் கேட்டார்:

"மச்சான்... கரும்பு விவசாயி பலின்னு போட்டுட்டீங்களா?"

சிரித்துச் சிரித்து லோகநாயகிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ராஜமாணிக்கமும் சிரித்தார், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பலியாகாதவரைப் பற்றி அன்றே உட்கார்ந்து, பாம்பு விஷம், கட்டுண்ட தசை, பொறுமை, மூச்சுக் கருவி என்று வாழ்க்கையில் முதன்முறையாக டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பினார். ஆறு விரற்கடைக்கு வந்தது. தலைப்பு: 'செத்த விவசாயி எழுந்து உட்கார்ந்தார்! சிதம்பரத்தில் அதிசயம்!!' அன்றைக்கு அவர் டீயே குடிக்கவில்லை.

அந்த அதிசயத்தைப் பார்க்க நெல்லிக்குப்பத்துக்கு ஆட்கள் வந்தார்கள். சபாபதி கையால் விபூதி வாங்க ஒரு வேன் நிறையப் பண்ருட்டிக்காரர்கள் வந்தார்கள். "அவரு சாவவே இல்லீங்க" என்று லோகநாயகி ஒவ்வொருவருக்கும் மோர் கொடுத்துச் சொல்லி அனுப்பினாள், யாரும் நம்பவில்லை. அடுத்த வருடம் துபாயில் இருக்கும் உறவுக்காரப் பையன் இன்டர்நெட்டில் பார்த்ததாக அதே கதையை அனுப்பிவைத்தான். அதில் சபாபதி ஆந்திராக்காரராக மாறி மீசை வைத்திருந்தார், கடித்தது ஐந்து தலை நாகம். "நம்ம மாப்ள மட்டும் வளர்ந்துக்கினே போறாரு, நான் அதே டீக்கடையில கெடக்கறேன்" என்றார் ராஜமாணிக்கம்.

இந்தக் கதையைத் தானே ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். மரத்தடியில் துண்டைச் சரிசெய்துகொண்டது வரை நடித்துக்காட்டுகிறார். ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடுவார். வீடு திரும்பிய பின் ஒரு சாயங்காலம், யாரும் இல்லாதபோது சபாபதி சொன்னது அது.

"நீங்க போன்ல சொல்றீங்க, எல்லாம் கேக்குது. வோணாம் மச்சான், எடுக்காதீங்கன்னு உள்ள கெடந்து கத்திக்கினு இருக்கறேன். ஒரு வெரலு அசைய மாட்டேங்குது."

சபாபதி இதைக் கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். ராஜமாணிக்கம் அன்று வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதார், மங்கம்மா காரணம் கேட்டும் சொல்லவில்லை.

போன மாதம் தேவனாம்பட்டினத்து இளைஞர் அன்பரசு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவியோடு கிடந்தார். கண் மூடியிருந்தது. ராஜமாணிக்கம் இப்போதெல்லாம் டீக்கடையிலிருந்து செய்தி சொல்வதில்லை, நேரில் போய்ப் பார்க்கிறார். கட்டிலருகே நின்றிருந்தபோது போன் அடித்தது. நிலைமை எப்படி என்று டெஸ்க் கேட்டது. "கவலை..." என்று பழைய வாய் ஆரம்பித்துவிட்டது. சட்டென நிறுத்தினார். மறுமுனைக் குரல் வெளியே கேட்காதபடி போனை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அன்பரசின் காதருகே போனார்.

"தம்பி, நான் பேப்பர்காரன். ஒண்ணுமில்ல, சும்மா போனு. வெளியில போயி பேசிட்டு வந்துடறேன்."

பதிலுக்குக் காத்திருப்பவர் போலக் கொஞ்சம் நின்றார். பிறகு போனை வயிற்றிலிருந்து எடுக்காமலேயே, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு வெளியே போனார்.