ஜெர்மன்காரியின் சோக்

நேற்று யாரோ அனுப்பிய வீடியோவில் அவளைப் பார்த்தேன். பழைய கார்களின் அணிவகுப்பாம். கறுப்பு உடம்பு மின்ன முன்வரிசையில் நிற்கிறாள். ஸ்டியரிங்கில் வேறொருவன் கை. எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். எரிந்தது எரிந்ததுதான்.

பிரேசர் டவுனில் ஒரு டாக்டர் வீட்டு ஜெர்மன் கார் அது. பதினெட்டு வருடம் நான்தான் ஓட்டினேன். டேஷ்போர்டு மரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பேன். அந்த வாசனையோடு ஜீவனஹள்ளியில் என் வீட்டுக்கு வந்தால் மனைவி முகத்தைச் சுளிப்பாள்.

"என் தலைக்கு ஒருநாளாவது எண்ணெ வெச்சு உட்டிருக்கியா? அவளுக்கு மட்டும் தெனம்!"

சிரிப்பேன். பொறாமை என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

டாக்டருக்குப் பார்வை மங்கியது. வண்டியை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்க முடிவு செய்தார். தரகர் வேண்டாம், வண்டியை மதிக்கிற ஆள் நேரில் வரட்டும் என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்தார்கள்.

அவளுக்கு ஒரு குணம். முதலில் கிளப்பும்போது சோக் குமிழைப் பாதிதான் இழுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்து, காலை எடுத்த பிறகே சாவி. வந்தவர்கள் முழுசாக இழுத்தார்கள். பெட்ரோல் நாறியதே தவிர இன்ஜின் எழவில்லை. நான் கேட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏன் குரு, பேட்டரி வீக்கா?" என்றார் கன்னடக்காரர் ஒருவர்.

"தெரியல சார், வயசாயிடுச்சில்ல," என்றேன், பாவி. அவளைப் போய்!

மூன்றாவது ஞாயிறு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஈரோட்டு இளைஞன் வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினான். பதினெட்டு வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அதனாலேயே அவனைப் பிடிக்கவில்லை. அவனுக்கும் வண்டி கிளம்பவில்லை.

"ஏனுங்ண்ணா, புது ஆளுன்னு அம்மணி தயங்கறாங்களா?" என்று சிரித்தான்.

போர்டிகோ நாற்காலியிலிருந்து டாக்டர் கூப்பிட்டார்.

"ஏம்பா, அவருக்கு அதச் சொல்லிக் குடுத்துடு."

"எத சார்?"

"பின்சீட்ல உக்காந்து தெனம் கேட்டுட்டுதான இருந்தேன்? ரெண்டு மிதி, அப்பறம் சாவி. மூணு வாரமா நானும் சும்மா இருந்தேன். எனக்கும் அனுப்ப மனசு வரல."

சொல்லிக்கொடுத்தேன். முதல் சாவிக்கே எழுந்தாள். என்னிடம்கூட அத்தனை இதமாக உறுமியதில்லை. கேட்டைத் திறந்துவிட்டதும் நான்தான்.

இப்போது டாக்டரும் இல்லை, அந்த வீடும் இல்லை. போர்டிகோ இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் லிஃப்ட். நான் பட்டன் அமுக்கிக் கிளப்பும் கம்பெனி கேப் ஓட்டுகிறேன். காலை முதல் ட்ரிப்பில் இடது கை தானாக சோக்கைத் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது.

வீடியோவை ஐந்து முறை பார்த்தேன். அதே ஈரோட்டுக்காரன்தான். இப்போது ஷூவோடு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கும் சோக்கை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பட்டன் வைத்துவிட்டானாம். "யார் அமுக்குனாலும் ஒடனே ஸ்டார்ட் ஆகும்ங்க," என்று பெருமையாகச் சொல்கிறான்.

யார் அமுக்கினாலும்.