இரண்டு டோக்கனும் அப்பாவிடம்

ஒன்பது வயதில் நான் கோலாலம்பூரில் டிக்கெட் இல்லாமல் ரயிலில் போயிருக்கிறேன். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம்தான். ஆனாலும் இன்றைக்கும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் தூரத்தில் வருவது தெரிந்தாலே, டிக்கெட் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா அப்போது எங்கள் மலைக் கிராமமான கொட்டச்சேட்டுக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பனி இறங்கிப் பாதையே தெரியாத நாட்களில்கூட, எதிரே வரும் பஸ் எந்த வளைவில் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பத்துப் பேருக்கான வண்டியில் பதினாறு பேரை ஏற்றுவார். கடைசி ஆள் கால் உள்ளே வைத்த பிறகுதான் தன் இருக்கையில் ஏறுவார். மலையில் அவருக்கு யாரும் வழி சொன்னதில்லை.

அக்காவைக் கோலாலம்பூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். பிரசவத்துக்காக அம்மா முன்னாடியே போய்விட்டாள். வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள் என்று போன் வந்ததும், அப்பா ஜீப்பைக் கூட்டாளி ஒருவரிடம் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள், அம்மா அவளுக்குத் துணையாக. வீட்டில் அக்கா வீட்டுக்காரரும் நாங்கள் இரண்டு பேரும்.

முதல் நாள் அவர்தான் எங்களை ஆஸ்பத்திரிக்கு நகர ரயிலில் அழைத்துப் போனார். மேம்பாலத்தின் மேல் ஓடுகிற ரயில் அது. அப்பா என் கையைப் பிடித்து முன்பெட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார், டிரைவரைப் பார்க்க. அங்கே ஒரு கண்ணாடியும் அதற்கப்பால் தண்டவாளமும்தான் இருந்தன.

"டிரைவரைக் காணமே கண்ணு!"

"இதுக்கு டிரைவரே கெடையாதுங்க மாமா. தானா ஓடும்" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

அப்பா இறங்கும்வரை கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா வீட்டுக்காரர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மதியம் ஆஸ்பத்திரிக்கு டாக்சி ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அட விடுங்க மாப்ள. இருவது கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓட்டறவன் நானு. ஒரு ரயில்ல போயி எறங்க மாட்டனா? பாப்பா வேற இங்கிலீஷ் படிக்கறா."

நான் ஏற்காட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தேன். அதனால் எங்கள் சொந்தத்தில் எல்லோரும் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன்.

எங்கள் தோட்டத்து மிளகைத் தட்டிப் போட்டு அப்பாவே அக்காவுக்கு ரசம் வைத்தார். சோறும் ரசமும் நிரப்பிய தூக்குப்போசியோடு ஸ்டேஷனுக்குப் போனோம். டிக்கெட் தருகிற இயந்திரம் அப்பா நுழைத்த நோட்டை நாக்கை நீட்டுவதுபோல வெளியே தள்ளியது. அவர் அதைத் தொடையில் வைத்துத் தேய்த்து மறுபடி நுழைத்தார். மறுபடியும் தள்ளியது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டாக இருந்தால் இதற்குள் நாலு பேர் சத்தம் போட்டிருப்பார்கள். வேறு நோட்டு வைத்தபோது நீல நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் டோக்கன்கள் விழுந்தன. உள்ளே போகும்போது அவற்றைக் கதவில் காட்ட வேண்டும், வெளியே வரும்போது அதன் வாயில் போட வேண்டும். உள்ளே போனதும் அப்பா என் டோக்கனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"தொலைச்சுப்போட்டீன்னா நம்மள வெளிய உடமாட்டாங்க சாமி."

அக்கா வீட்டுக்காரர், இறங்க வேண்டிய ஸ்டேஷன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ரயில் நின்றதும், "இது என்ன ஊரு, பாரு கண்ணு" என்றார். ஜன்னல் வழியே தெரிந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"கெலுவாருங்கப்பா."

அது இல்லை. அடுத்த ஸ்டேஷன் வந்தது. மறுபடி பார்த்தேன்.

"இதுவும் கெலுவாருங்கப்பா."

மூன்றாவது ஸ்டேஷனிலும் கெலுவார். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "ஏங்கண்ணு, சுத்திச் சுத்தி அதே எடத்துக்கே வருதா? ஓட்டறதுக்கு ஆளு இல்லைன்னா இப்படித்தான்" என்று சொல்லி, கதவு மூடுவதற்குள் என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்த ஊர் பாஷையில் கெலுவார் என்றால் 'வெளியே போகும் வழி'. நடைமேடையில் நின்று பார்த்தபோதுதான் வேறொரு பலகையில் பெரிதாக ஸ்டேஷன் பெயர் இருந்தது தெரிந்தது. நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்பது புரிந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. "அடுத்த வண்டியில போலாமுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ரயில் கூட்டமாக வந்தது. செய்த தப்பைச் சரிக்கட்டும் அவசரத்தில் நான் முதலில் உள்ளே நுழைந்துவிட்டேன். அப்பாவுக்குப் பின்னால் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அப்பா ஒதுங்கி அவளை முதலில் ஏறச் சொன்னார். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர். அவரையும் ஏற்றினார். பீப் பீப் என்று சத்தம் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

அப்பா வெளியே நின்றார்.

உள்ளங்கையால் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். எங்கள் ஊரில் ஜீப்பின் பக்கவாட்டில் இப்படித் தட்டினால் வண்டி நின்றுவிடும். ரயில் நகர்ந்தது. தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். அவர் வாய் என் பெயரைச் சொல்வது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. நடைமேடை முடிந்ததும் கட்டிடங்களின் உச்சிதான் தெரிந்தது.

நான் காணாமல் போய்விட்டேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு டோக்கனும் அப்பாவிடம் இருக்கின்றன, என்னிடம் ஒன்றும் இல்லை, என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான் பயம். அழக்கூடாது, அழுதால் டிக்கெட் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தலையில் முக்காடு போட்ட மலாய்க்கார அம்மா ஒருவர் குனிந்து என்னிடம் என்னவோ கேட்டார். பிறகு இங்கிலீஷில் கேட்டார். ஐந்து வருஷம் படித்த இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம்தான் என் வாயில் வந்தது. வகுப்பில் தினமும் சொல்வது.

"மே ஐ கோ அவுட், மிஸ்?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஸ்டேஷனில் என்னோடு இறங்கி, என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரு ரயில் வந்தது. அப்பா இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. அந்த அம்மா பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினார். தெரியாதவர்களிடம் வாங்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் தலையை ஆட்டினேன். அவருடைய கையை மட்டும் விடவில்லை. மூன்றாவது ரயிலும் வந்து போனது. அப்பா சீட்டைப் படித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாரோ, வேறு பக்கம் போகிற வண்டியில் ஏறிவிட்டாரோ என்று நினைத்தபோது அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்துவிட்டது.

அதற்கடுத்த ரயிலில் அப்பா வந்தார். பக்கத்தில் சீருடை போட்ட ஸ்டேஷன்காரர் ஒருவர். போன வண்டி திரும்பி வரும் என்று முதலில் அங்கேயே நின்றாராம் அப்பா. பிறகு கீழே ஓடி, தமிழிலேயே கத்தி அழுதாராம். தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் புரிந்துகொண்டு இந்த ஸ்டேஷன்காரரைச் சேர்த்து அனுப்பினாராம்.

நான் ஓடிப்போய்க் கேட்டது இதுதான்: "டோக்கன் எங்கீங்கப்பா?"

அவர் கையை விரித்தார். இரண்டு டோக்கனும் இருந்தன. உள்ளங்கையில் அவற்றின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது.

அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, "நொம்பப் புண்ணியமுங்க அம்மிணி, நொம்பப் புண்ணியமுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த ரயிலில் ஏறிப் போனார். ஸ்டேஷன்காரரும் போய்விட்டார்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து தூக்குப்போசியை மடியில் பிடித்துக்கொண்டார். அதன் மூடி கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. என்னைத் திட்டவில்லை. கெலுவார் பற்றிக் கேட்கவில்லை. ஒரு ரயில் வந்து நின்றது.

"அப்பா, இதாங்க நம்ம வண்டி."

"அடுத்ததுல போலாம் சாமி."

அடுத்தது வந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் எழவில்லை.

"அக்காளுக்கு வச்ச ரசம் சிந்திப்போச்சான்னு தொறந்து பாரு கண்ணு" என்றார். கொஞ்சம்தான் சிந்தியிருந்தது. அதற்குள் அந்த ரயிலும் போய்விட்டது. அப்பாவுக்கு எது நம் ரயில் என்று இன்னும் தெரியவில்லை என்று முடிவு செய்து, பலகையைக் காட்டி அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அப்படி ஐந்து ரயில்களை விட்டோம்.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் நான்தான் முந்திக்கொண்டேன். "அம்மா, அப்பாவுக்கு ரயில் ஏறவே தெரியலைம்மா! கண்ணு முன்னால வந்து நின்ன வண்டி அஞ்ச உட்டுட்டாரு!"

அக்கா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மலையவே சுத்தி வர்ற மனுசனுக்கு இதுல ஏறத் தெரியலையாக்கும்?" என்று அம்மா சிரித்தாள்.

அப்பாவும் கூடவே சிரித்தார். ஆமாம், தெரியவில்லை என்றார். அம்மா குழந்தையை நீட்டியபோது மட்டும், கொஞ்ச நேரம் போகட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். குழந்தையைத் தூக்கவும் அப்பாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.