இராசேஸ்வரியின் உண்மையான வயது

1992இல் இராசேஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது. பார்ப்பவர்கள் அறுபது என்பார்கள். இமைகள் தொங்கிப் பாதிக் கண்ணை மூடியிருந்தன. காதும் மந்தம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு மாடியேறுவதற்குள் இரண்டு முறை நின்றுவிடுவார். கிள்ளானில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சர் வேலை.

அந்த ஆண்டு அவரைப் பற்றி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. வயதைக் குறைத்துக் காட்டி வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறாராம்.

தலைமை எழுத்தர் வேலாயுதம் கூப்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க. ஒரிஜினல் பிறப்புப் பத்திரம் கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். வேலாயுதம் அதை வெளிச்சத்தில் பிடித்து, தேதியின் மையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

யார் எழுதியிருப்பார்கள்? இராசேஸ்வரி தன் வயதைச் சொல்லியிருந்தது பக்கத்து மேசை மார்க்கிரட்டிடம் மட்டும்தான். மறுநாள் முதல் அவருடன் சேராமல் தனியாகச் சாப்பிட்டார்.

பத்திரத்தில் குறை தெரியாமல்போகவே, அலுவலகம் அவரை உடல் பரிசோதனைக்காக மருத்துவமனைக்கு அனுப்பியது. இளம் டாக்டர் சண்முகரத்தினம், தொடையிலிருந்து சிறு துண்டு தசை எடுக்க வேண்டும் என்றார்.

"என் வயசக் கண்டுபிடிக்க ஆபீஸ்ல சொன்னாங்களா?"

"இல்ல ஆன்டி. கண்ணும் காலும் ஏன் இப்படி ஆச்சுன்னு பாக்கத்தான்."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. "செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு இருக்கு. சாப்பாட்ட சக்தியா மாத்துறது அதுதான். வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் பழுதாகும். உங்களுக்குச் சீக்கிரமே, நிறைய பழுதாயிடுச்சு."

"நீங்க சொன்னா ஆச்சா? எனக்குக் காட்டுங்க."

நுண்ணோக்கியில் காட்டினார். வெளிறிய இழைகளுக்கு நடுவே சில இழைகளின் ஓரம் கிழிந்தாற்போல் சிவந்திருந்தது. கெட்டுப்போனவை அங்கே குவிந்திருப்பதாகச் சொன்னார். இராசேஸ்வரி வெகுநேரம் பார்த்தார்.

"மருந்து?"

"இப்போதைக்கு இல்ல."

"அப்ப நான் பொய் சொல்லலன்னாவது எழுதிக் குடுங்க."

வேலாயுதம் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை இரண்டு முறை படித்தார். அப்படியொரு டாக்டர் இருக்கிறாரா என்று மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் கோப்பை மூடினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து அலுவலகப் படியில் இராசேஸ்வரியின் கால் மடங்கியது. பின்னால் வந்த மார்க்கிரட் தாங்கிப் பிடித்தார்.

"நான் எழுதல, ராஜி."

"அது எனக்குத் தெரியாது."

"தெரியாமலே சேர்ந்து சாப்பிடலாம்லா."

அன்று ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். எழுதியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மூன்று ஆண்டுகளில் உடல்நலக் காரணத்தால் இராசேஸ்வரி ஓய்வு பெற்றார். ஞாயிறுதோறும் மார்க்கிரட் அவரைப் பார்க்க வீட்டுக்கு வருவார். சந்தேகம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் மார்க்கிரட் வரத் தாமதமானால் இராசேஸ்வரி சன்னலை விட்டு நகரமாட்டார்.