ஏழு கிலோ

அத்தானுக்குத் தராசு ரிப்பேர் வேலை. காய்கறிக் கடைத் தராசிலிருந்து லாரியை நிறுக்கிற தராசுவரை அவர் கை பட்டால்தான் ஒழுங்குக்கு வரும். ஆளைப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். விருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் அக்கா, அத்தானின் மகள் குடும்பத்தோடு வருவாள். எல்லோரும் ஆற்றில் துடுப்புப் படகில் போவோம். கரையில் அத்தான் முதலில் இறக்குவது தராசைத்தான். ஒவ்வொருவரையும் நிறுத்துப் பார்த்துதான் படகில் இடம் தருவார். "நாங்க என்ன அரிசி மூட்டையா?" என்று என் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் ஏறி நிற்பாள். அவர் படகின் முன் இருக்கை அவளுடையது.

போன வசந்தத்தில் அக்கா ஏழு கிலோ குறைந்திருந்தாள். "அடேயப்பா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டியே!" என்றார் அத்தான். எல்லோரும் கைதட்டினோம். படகு சமமாக நிற்க அவள் காலடியில் ஏழு லிட்டர் தண்ணீர் கேனை வைத்தார். கரையெல்லாம் பூ. பாதி வழியில் அக்கா துடுப்பை மடியில் வைத்துவிட்டாள். "சோம்பேறி!" என்று அவள்மேல் தண்ணீரை வாரி இறைத்தவன் நான்.

நாலே மாதத்தில் அக்கா போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு நாக்கு நிற்கவில்லை. "ஊருக்கெல்லாம் எடை பார்க்கிறீங்க, பொண்டாட்டி உருகுறது தெரியலையா?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

இந்த வசந்தத்தில் மகள்தான் அவரைப் பிடிவாதமாக ஆற்றுக்கு அழைத்து வந்தாள். தராசு வரவில்லை. அத்தான் பின் இருக்கையில் உட்கார்ந்தார். முன் இருக்கையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஏறிவிட்டேன். என் கனத்துக்குப் படகின் மூக்கு தண்ணீரில் தாழ்ந்தது.

வளைவு தாண்டியதும், திரும்பாமலே சொன்னேன்: "அத்தான், அன்னைக்கு நானும்தான் கைதட்டினேன். உங்களை மட்டும் சொன்னது தப்பு."

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"நீ மூணு கிலோ குறைஞ்சிருக்கே."

"சாப்பாட்டைக் குறைச்சிருக்கேன், அத்தான். அவ்வளவுதான்."

"இருக்கட்டும். நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்."

"சரி" என்றேன். அதற்குமேல் எனக்கும் துடுப்புப் போட முடியவில்லை.