மேப்பில் வீடு வந்தவன்

சௌந்திரத்தின் கல்யாண வாழ்க்கை பாதிக்கு மேல் சுவரில்தான் நடந்தது. புருஷன் ஜெகதீஸ்வரன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் டிரைவர். மழை ஓய்ந்ததும் வடக்கே கிளம்பினால், அடுத்த மழைக்குத்தான் புதுச்சத்திரம் திரும்புவான். கல்யாணமான புதிதில் நாமக்கல்லில் ஒரு ரோடு மேப் வாங்கி வந்து சமையல்கட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனான். போகிற வழியில் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிடுவான். "இன்னிக்கு நாக்பூர் தாண்டீட்டம் புள்ள." அவள் விரலால் தேடி அந்த ஊரைப் பிடித்து, அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாள். வருஷக்கணக்கில் ஒட்டி ஒட்டி இந்தியாவுக்கே அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் வந்தது அந்தப் பாழாய்ப்போன வசதி. மகள் தனப்பிரியா ஈரோட்டிலிருந்து லீவுக்கு வந்தவள், அப்பா போனையும் அம்மா போனையும் ஏதோ செய்து இணைத்துவிட்டாள். போன் மேப்பைத் திறந்தால் சின்ன வட்டத்துக்குள் ஜெகதீஸ்வரனின் முகம். வண்டி நகர நகர அதுவும் நகரும். சௌந்திரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அக்கம்பக்கமெல்லாம் காட்டினாள். ஆனால் அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். "அதான் பாத்துக்கிட்டே இருக்கறயில்ல, அப்பறம் எதுக்குப் போனு?" என்றான். கேட்டால் நியாயம் மாதிரிதான் இருக்கும், போங்கள்!

இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே வட்டம் கிளம்பிவிட்டது. ராய்ப்பூரிலிருந்து நாக்பூர், ஐதராபாத், பெங்களூர், தொப்பூர் என்று வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தது. அவள் கூப்பிட்டுப் பார்த்தாள், போன் எடுக்கவில்லை. ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான் என்று நினைத்துக்கொண்டு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

ஜெகதீஸ்வரன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தூரதேசம் போய் வருகிற ஆம்பளை எத்தனையோ காட்டையும் முச்சந்தியையும் தாண்டி வருகிறான், பின்னால் எது ஒட்டிக்கொண்டு வருமோ. ஆகவே வாசலிலேயே ஆரத்தி சுற்றித்தான் உள்ளே கூப்பிட வேண்டும். சுற்றி முடிக்கும்வரை அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடாது.

உச்சி வெயிலில் வட்டம் அவர்கள் சந்துக்குள் திரும்பியது. அவள் அவசர அவசரமாக மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, சூடம் ஏற்றி, தட்டோடு வாசலுக்கு ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சுற்றினாள். "உள்ள வாங்க மாமா" என்றாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது. சந்தில் வண்டி இல்லை, ஆள் இல்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் எழுந்து நின்று, அவளைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஏம்புள்ள, நாந்தான். இது ஓனர் தம்பி போனு. எம்போனு போர்க்குழிக்குள்ள உழுந்து அஞ்சாறு நாளாச்சு. அத்தன ஆழத்துல எங்க போயி எடுக்கறது?"

"ஏனுங்க, நீங்க இப்ப எங்க இருக்கறீங்க?"

"ராய்ப்பூர்லதான். கடைசிப் போரு ஓடுது. முடிஞ்சதும் கெளம்பீருவம்."

குரலைக் கேட்டதும் அவள் அழுதுவிட்டாள். ஆள் உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று இருந்தது. போனை வைத்துவிட்டு மேப்பைத் திறந்தாள். வட்டம் அவள் வீட்டுக்குள்ளேயே, உள்ரூம் பக்கமாக இருந்தது. புருஷன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே 'இப்போது' என்று போட்டிருந்தது. உள்ரூம் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அன்றிலிருந்து முன்ரூமிலேயே படுத்தாள்.

அவன் தினமும் ஓனர் தம்பி போனில் கூப்பிட்டான். பார்க்க முடியாது என்றானதும் வாய் நிறையப் பேசினான். சாப்பிட்டதைச் சொன்னான், முதுகு வலியைச் சொன்னான். அவளும் பழையபடி சுவரில் பொட்டு ஒட்டினாள். சுவரில் இருக்கிற புருஷன் நாக்பூர் வந்தான், ஐதராபாத் வந்தான். போனில் இருக்கிற புருஷன் உள்ரூமை விட்டு அசையவில்லை. அந்த இணைப்பை அறுத்துவிடலாம் என்று பலதடவை விரல் போனது. அறுத்துவிட்டால் அது எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியாதே என்று விரலை எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பழனியம்மாளிடம் சொன்னாள். கேட்டவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, ஆளப் பாக்காமயா வாங்கன்ன? கூப்புட்டா எதுதான் வராது?"

"அவரு வந்தா என்னக்கா ஆகும்?"

"ஒரு எடத்துல ரெண்டு பேரு எப்படிச் சாமி இருப்பாங்க? அவரு வாசப்படி மிதிக்கறதுக்குள்ள அத அனுப்பீரு. கூப்புட்ட வாய்தான் போகச் சொல்லோணும். போன்னு மட்டும் சொல்லு. எழவு ஊட்டுல சொல்லிக்காமப் போறமில்ல, அது எதுக்குங்கற? வாரேங்கற பேச்சு வந்துரப்படாதுன்னுதான்."

மறுநாள் காலையில் ஜெகதீஸ்வரன் கூப்பிட்டான். "சேலம் தாண்டீட்டம் புள்ள. சோறாக்கி வெய்யி." இனி ஒரு மணி நேரம்கூட இல்லை. சௌந்திரம் தெருக்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, உள்ரூம் தாழை நீக்கினாள். கட்டில் காலியாக இருந்தது. போர்வை மட்டும் அவன் போர்த்துவது போலத் தலைமாட்டுக்கு ஏறியிருந்தது. பயமாக இருந்தது. ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. இத்தனை நாளும் அவன் முகத்தோடு இந்த வீட்டில் கூட இருந்தது இதுதானே. கும்பிட்டுக்கொண்டு சொல்லிவிட்டாள். என்ன சொன்னோம் என்று அவள் காதிலேயே ஏறவில்லை. போனில் வட்டம் வாசல் தாண்டி, சந்து தாண்டி, ஹைவேயில் ஏறி வடக்கே போயிற்று.

அப்புறம் ரிக் வண்டி வந்தது. இந்தத் தடவை அவள் தட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆரத்தி சுற்றினாள். வழக்கமாவது மண்ணாவது! அவன் குளித்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பழனியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு அவளைக் கொல்லைப்பக்கம் இழுத்தாள்.

"அனுப்பீட்டயா? போன்னுதான சொன்ன?"

"ஆமாங்க்கா" என்று ஆரம்பித்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது வருஷத்துக்கு மேலாக, புருஷனை அதே வாசலில் வழியனுப்பிய வாய். அது பழக்கத்தில் சொல்வதைத்தான் சொல்லியிருந்தது.

"பத்தரமாப் போயிட்டு வாங்கன்னுட்டேங்க்கா."

பழனியம்மாள் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மழை ஓய்ந்தது. ஜெகதீஸ்வரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி, திரும்பிப் பார்த்தான். சௌந்திரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'போயிட்டு வாங்க' என்று சொன்னால், கேட்டுக்கொண்டு வரப்போவது யாரோ தெரியாது. சொல்லாவிட்டால், எழவு வீட்டிலிருந்து போகிறவன் மாதிரி இவன் போக வேண்டும்.

"என்ன புள்ள, ஒன்னுஞ் சொல்ல மாட்டீங்கற?" என்றான் அவன். சொல்லட்டும் என்று நின்றுகொண்டே இருந்தான்.