மோட்டார் போட்டதும் நின்ற கம்ப்யூட்டர்

ஒரகடத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் செல்வி, கம்பெனி வேலைக்கு வந்த திருநெல்வேலிப் பெண். அவளே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று உறைந்து நின்றுவிடும்.

"கரண்ட்டு சரியில்லையோம்மா?" என்றாள்.

"என் வூட்டு கரண்ட்டு நல்லாத்தான் கீது. நீ பூட்டின பொட்டிதான் மக்கர்!" என்றேன்.

ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவளுக்குப் பதவி உயர்வுப் பரீட்சை. தொட்டி காலியென்று கீழே மோட்டார் போட்டேன். விளக்கு மங்கியது. மேலே அலறினாள்.

"ஐயோ, கம்ப்யூட்டர் நின்னுட்டே!"

எனக்குச் சுருக்கென்றது. மோட்டாரை நிறுத்தி, "அணைச்சுட்டு மறுபடி போடுடி!" என்று கத்தினேன். நல்லவேளை, பரீட்சை விட்ட இடத்திலேயே திறந்தது. அவள் முடிக்கும்வரை சுவிட்சை யாரும் தொடாமல் காவல் நின்றேன்.

பிறகு மோட்டாருக்குத் தனி லைன் இழுக்க வைத்தேன். இருந்தும், "செல்வி, மோட்டார் போடட்டா?" என்று கேட்காமல் இன்றுவரை சுவிட்சைத் தொடுவதில்லை.