மூன்று வழக்குகளில் ஒரே போர்மேன்

"சர்வர் படுத்துக்கிருச்சும்மா. நாளைக்கு வாங்க." ஸ்டேஷன் ரைட்டர் சீனிச்சாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாலு நாளா படுத்தே கெடக்காண்ணே? நான் சர்வரைக் கேக்கல. உங்க மேசைமேல இருக்கே, அந்த எப்.ஐ.ஆரைக் கேக்கேன்."

"அது சென்சிட்டிவ் கேசுன்னு போட்டிருக்காக. எஸ்.ஐ. அய்யா சொன்னாத்தான்."

எஸ்.ஐ. அய்யா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். என்ன பந்தோபஸ்து என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. வேல்விழி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தாள்.

திருத்தங்கல்காரியான அவள் பதினொரு வருடமாக ஒரு நாளிதழுக்குச் சிவகாசி வட்டார நிருபர். பட்டாசு ஆலைகளில் நடக்கும் ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் ஒரே செய்திதான்: உராய்வால் தீப்பிடித்தது, இத்தனை பேர் பலி, போர்மேன் கைது. எழுதி எழுதி அவளுக்கே சலித்துவிட்டது. கைதாகிற அந்த போர்மேன் யார் என்று இந்த முறை பார்த்துவிடலாம் என்றிருந்தாள். பழைய இரண்டு விபத்துகளின் முதல் தகவல் அறிக்கைகளைக் காவல்துறை இணையதளத்திலேயே எடுத்துவிட்டாள். வெம்பக்கோட்டைப் பக்கம் நடந்த மூன்றாவது விபத்தின் அறிக்கைதான் சிக்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. புகார் கொடுத்தவருக்கு ஒரு நகல் கொடுத்திருப்பார்களே! அந்த விபத்தில் கை வெந்து தப்பி, புகாரும் கொடுத்திருந்த சின்னத்தாயைத் தேடிப் போனாள்.

"அந்தக் காயிதமா? ரேசன் கார்டுப் பைக்குள்ள கெடக்கு, எடுத்துக்கோங்க."

வேல்விழி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று அறிக்கைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். மூன்று கம்பெனி, மூன்று விபத்து, ஒரே போர்மேன். நாகையா, த/பெ சங்கிலிமுத்து. ஊரும் தெருவும் ஒன்றே. வயது மட்டும் 47, 58, 52 என்று இஷ்டத்துக்கு இருந்தது.

அவரை ஓர் அச்சகத்து வாசலில் கண்டுபிடித்தாள். வாட்ச்மேன். இடது கையில் மூன்று விரல் இல்லை.

"வெடிமருந்துக் கட்டடத்துக்குள்ள கால் வச்சு ஆறு வருசம் ஆச்சு தாயி. சர்ட்டிபிகேட்டு உள்ள போர்மேன் பேரு இருந்தாத்தான் கம்பெனி நடத்த முடியும்; என் சர்ட்டிபிகேட்டை மொதலாளி வாங்கி வச்சுக்கிட்டாரு. எங்கெங்க என் பேரை எழுதியிருக்காகன்னு எனக்கே தெரியாது. வெடிச்சா ஆள் வரும். போவேன். ஜாமீன்ல வருவேன்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"மக பாண்டிலட்சுமி இங்கனதான வேலை பாக்கா. இதுவும் அந்த மொதலாளியோட பிரஸ்ஸுதான்."

"போலீசுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? போன தடவ, 'வந்துட்டியா நாகையா'ன்னு டீ வாங்கிக் குடுத்தாகளே."

மதுரை அலுவலகத்தில் செய்தி ஆசிரியர் பாலகுரு தயங்கினார். "போலீஸ் தரப்பு என்ன சொல்லுதுன்னு இல்லையேம்மா."

"மூணு எப்.ஐ.ஆரும் போலீஸ் எழுதுனதுதான சார்! அதுக்கு மேல என்ன தரப்பு?" போனிலேயே கத்திவிட்டாள்.

டி.எஸ்.பி.யிடம் கேட்டாள். 'விசாரணையில் உள்ளது' என்றார். அதையும் சேர்த்து அனுப்பினாள். மகளுக்கு வேலை போய்விடுமே என்று நாகையாவின் பெயரை எடுத்துவிடப் பார்த்தாள். அவர்தான் கேட்கவில்லை. "போடுங்க தாயி. போலீசு மூணு எடத்துல போட்டுருச்சு. நீங்க போட்டாத்தான் அது பொய்யின்னு தெரியும்."

ஏழாம் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே வந்தது செய்தி. ஆனாலும் கலெக்டர் படித்துவிட்டார். போர்மேன் சான்றிதழ்களை எல்லாம் சரிபார்க்கச் சொன்னார். வேலையிலேயே இல்லாத பதினான்கு பேரின் பெயர்கள் பல கம்பெனிகளில் போர்மேன் என்று கிடந்தன. மூன்றாவது வழக்கில் அந்தக் கம்பெனி முதலாளியின் பெயரும் ஏறியது. அதே வாரம் நாகையாவையும் பாண்டிலட்சுமியையும் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வேறு அச்சகம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை வேல்விழிக்கும் சோறு இறங்கவில்லை.

நாகையாவின் பெயரை வழக்குகளிலிருந்து நீக்க மனு போட்டிருக்கிறார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தா. போன முறை சாத்தூர் கோர்ட்டுக்கு வேல்விழியும் கூடப் போனாள். நீதிபதி விடுப்பு.

"அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாக தாயி" என்றார் நாகையா, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில்.

"நானும் வாரேன்" என்றாள் அவள் எரிச்சலோடு.